செயின் வைத்த வண்டி

குமரனுக்கு வலது கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் பாதிதான் இருக்கும். மீதி, எட்டு வருடங்களுக்கு முன்பு பிள்ளையார்பாளையத்தில் அவன் வீட்டு வாசலிலேயே போனது. மோட்டார் சைக்கிளின் செயினைத் துடைத்துக்கொண்டிருந்தான். வண்டி நடு ஸ்டாண்டில் நின்றது. இன்ஜினை ஓடவிட்டு முதல் கியரில் போட்டிருந்தார்கள். அப்படிப் போட்டால் பின்சக்கரம் தரையில் படாமல் சுற்றும், செயின் தானாக ஓடும், துணியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தால் போதும். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றவன் மனைவி மஹாலட்சுமியின் தம்பி தனசேகரன். ஆக்ஸிலேட்டர் ஏறியது. துணியை இழுத்த பல்சக்கரம் துணியோடு விரல்களையும் இழுத்துக்கொண்டது.

தையல் போட்ட டாக்டர், "செயினா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

குமரன் பட்டுச் சேலைகளுக்கு பார்டரும் முந்தானையும் வரைகிறவன். கம்ப்யூட்டரில் வரைந்து, பென் டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டுபோய், நெசவாளர் வீட்டுத் தறியில் ஏற்றிக் காட்டிவிட்டு வருவான். விரல் போன பிறகு மவுஸை இடது பக்கம் மாற்றிக்கொண்டான். கொஞ்ச காலம் அன்னப்பட்சிகளின் கழுத்து கோணலாக வந்தது. பிறகு நேராகிவிட்டது. வேலை குறையவில்லை. அவனைப் பொறுத்தவரை விஷயம் அத்தோடு தீர்ந்தது.

வீட்டில் தீரவில்லை. வண்டியை மாமனார் அந்த வாரமே விற்றுவிட்டு ஒரு ஸ்கூட்டர் வாங்கி நிறுத்தினார். மஹாலட்சுமி அவனைத் தேங்காய் உடைக்க விடுவதில்லை. மிக்ஸி ஜாரைக் கழற்றப் போனால்கூட ஓடி வந்து வாங்கிக்கொள்வாள். தனசேகரன் ஞாயிற்றுக்கிழமைதோறும் வர ஆரம்பித்தான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் அவனுக்கு வேலை. ஞாயிறு மட்டும்தான் லீவு. வந்ததும் சிலிண்டர் மாற்றுவான், ஸ்கூட்டருக்குக் காற்று பிடித்து வருவான், மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவான். காப்பியை நின்றுகொண்டே குடிப்பான். "இன்னும் இன்னா இருக்குதுக்கா?" என்று கேட்பான். ஏதாவது இருக்கும். மஹாலட்சுமி அதைச் சொல்வாள். நன்றி சொல்லும் குரலில் சொல்லமாட்டாள். பாக்கியைக் கேட்டு வாங்குகிற குரல் அது. குமரனுக்கு அது காதில் விழும். நாளடைவில் மின்விசிறிச் சத்தம் போல ஆகிவிட்டது.

இந்த வருடம் ஸ்கூட்டர் படுத்துவிட்டது. அதைவிட முக்கியம், குமரனுக்கு இடுப்பு வலி வந்துவிட்டது. அவனுக்கு வேலை கொடுக்கிற தறிகளில் பாதி தென்னேரிப் பக்கம். வாலாஜாபாத் தாண்டினால் ஏரிக்கரை ஓரமாகப் போகிற பாதையில் ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறும். பெரிய சக்கரம் வைத்த பைக் வாங்கச் சொன்னார் எலும்பு டாக்டர். பேட்டரி பைக் வாங்கலாம் என்று முடிவானது.

தனசேகரனும் சேர்ந்து ஷோரூமுக்கு மூவருமாகப் போனார்கள். அங்கே வேலை செய்கிற அஜித் என்ற இளைஞன் ஒரே கம்பெனியின் இரண்டு வண்டிகளைக் காட்டினான். பேட்டரி, மோட்டார், சீட், விளக்கு எல்லாம் ஒன்றே. விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்றில் மோட்டாரிலிருந்து பின்சக்கரத்துக்கு செயின் போயிற்று. இன்னொன்றில் கறுப்பாக, பல் வைத்த ரப்பர் பெல்ட்.

மஹாலட்சுமி பெல்ட் வண்டியின் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

"இதுதான்" என்றாள்.

"இருங்க மாமா, நான் எல்லாம் பாத்து வச்சிருக்கேன்" என்றான் தனசேகரன். நிஜமாகவே பார்த்துவைத்திருந்தான். "பெல்ட்டுன்னா ஆயிலே போட வேணாம். துரு புடிக்காது. அழுக்கு தெறிக்காது. சத்தமே இருக்காது. வருசக்கணக்கா தொட வேண்டியதே இல்ல. அதான் முக்கியம், தொட வேண்டியதே இல்ல."

"இவரு சொல்றது கரெக்ட்டு சார்" என்றான் அஜித்.

"பெல்ட்டுல கஷ்டம் இன்னா?" என்று கேட்டான் குமரன்.

அஜித் ஒரு கணம் யோசித்தான். விற்கிறவன் பொய் சொல்லலாம்; இவன் சொல்லவில்லை. "ஜல்லி ரோட்டுல பொடிக்கல்லு உள்ள போய் மாட்டினா பெல்ட்டு ஓட்டையாவும். அறுந்துதுன்னா வழியில ஒண்ணும் பண்ண முடியாது சார், வண்டிய ஏத்திக்கினு இங்கதான் வரணும். செயின்னா எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைப்பான். ஆனா டவுனுக்குள்ள ஓட்றதுக்கு பெல்ட்டு ராஜா."

குமரன் இரண்டையும் ஓட்டிப்பார்த்தான். பெல்ட் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. தான் ஓட்டுகிறோமா, யாரோ இழுத்துக்கொண்டு போகிறார்களா என்று தெரியாத மாதிரி இருந்தது. செயின் வண்டியில் காலுக்குக் கீழே லேசாகக் கரகரவென்று ஒரு சத்தம் கூடவே வந்தது. அவ்வளவுதான். பயம் ஏதாவது வருகிறதா என்று தனக்குள் பார்த்துக்கொண்டான். வரவில்லை.

திரும்பி வந்து, "எனக்கு செயின் போதும்" என்றான்.

மஹாலட்சுமி அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு கையைப் பார்த்தாள். தனசேகரன் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டான். அஜித்துக்கு எதுவும் புரியவில்லை. யோசித்துவிட்டு வாருங்கள் என்று ஒரு கார்டு கொடுத்தான்.

வீட்டுக்கு வந்ததும் மஹாலட்சுமி ஆரம்பித்தாள்.

"ஏங்க, உலகத்துல செயினே இல்லாத வண்டி ஒண்ணு வந்துக்கீது. நமக்குன்னே வந்த மாதிரி. அத்த உட்டுட்டு?"

"தென்னேரி ரோட்ட நீ பாத்ததில்ல. முழுக்க ஜல்லி."

"அது மட்டும் இல்ல. வேற இன்னாமோ இருக்குது. சொல்லுங்க."

இருந்தது. "பெல்ட்டு வண்டி வாங்கினா பாக்கறவன்லாம் கேப்பான், இன்னாத்துக்கு பெல்ட்டுன்னு. நீ கதைய சொல்லுவ. தெனம் சொல்லுவ. அந்தக் கதைக்குன்னு ஒரு வண்டி வாங்கி வாசல்ல நிறுத்தணுமா? எனக்கு வெரல் போச்சு, முடிஞ்சுது. சாதாரண ஆளு மாதிரி ஒரு வண்டி வாங்கறேன்."

அவள் விட்டுக்கொடுக்கிறவள் போல, "சரி. செயினே வாங்கிக்குங்க. ஆனா நீங்க அத்த தொடக்கூடாது. தனா வந்து தொடச்சிக் குடுப்பான். வாராவாரம் வர்றான் இல்ல" என்றாள்.

குமரன் நினைத்தது இதுவல்ல. பழைய கதையை முடித்துவிடலாம் என்று செயின் வண்டியைக் கேட்டால், கதை முடியாமல் மச்சினன் தலையில் இன்னும் ஒரு வேலையாக ஏறுகிறது. பெல்ட் வாங்கினால் அவனுக்காவது ஒரு வேலை மிச்சம். இரண்டு நாள் இதையே மாற்றி மாற்றி யோசித்தான். பார்டர் ஒன்றில் மயிலுக்கு இரண்டு வால் விழுந்தது, அழித்துவிட்டு மறுபடி போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை தனசேகரன் வந்தபோது கையில் ஒரு பை இருந்தது. மூன்று பக்கமும் முள் வைத்த செயின் பிரஷ், செயினுக்கு அடிக்கிற ஸ்பிரே டப்பா, ரப்பர் கையுறை. ஆன்லைனில் வரவழைத்திருந்தான். வண்டி இன்னும் வாங்கவே இல்லை.

"அக்கா ஃபோன்ல சொல்லிச்சு" என்று பையை அலமாரி மேல் வைத்தான். பிறகு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டி கழுவ மாடிக்குப் போனான்.

குமரன் கொஞ்ச நேரம் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மேலே போனான். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி. தனசேகரன் உள்ளே இறங்கியிருந்தான். வெளியே ஆள் தெரியவில்லை. தென்னம் பிரஷ் தேய்க்கிற சத்தம் மட்டும் பெரிதாக வந்தது.

"தனா."

"சொல்லுங்க மாமா." குரல் தொட்டிக்குள் மோதி முழங்கியது.

"அன்னிக்கு ஆக்ஸிலேட்டர கொஞ்சம் குடுன்னு சொன்னது நான்தானே."

தேய்க்கிற சத்தம் நின்றது. எதிர்மாடியில் யாரோ துணி உதறுவது கேட்டது.

"உங்களுக்கு ஞாபகம் இருக்குதா?" என்றது உள்ளிருந்து குரல்.

"இருக்குது."

"மறந்துட்டீங்கன்னு நெனச்சேன். ரெண்டு தடவ சொன்னீங்க மாமா. மொத தடவ குடுன்னீங்க. கைய எடுங்க மாமான்னு சொன்னேன். 'எனக்குத் தெரியும், நீ குடுறா'ன்னீங்க. குடுத்தேன்."

குமரன் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். முதல் பகுதியை அவன் மறந்ததே இல்லை. 'கையை எடுங்க' என்று இவன் சொன்னது மட்டும் எங்கோ ஒதுங்கிக் கிடந்தது. கேட்டதும் எழுந்து வந்தது. தான் அதற்கு எரிச்சல்பட்டதுகூட வந்தது.

"நான் ஆஸ்பத்திரில சொன்னனே. என்னோட தப்புதான்னு."

"சொன்னீங்க. ஒரு தடவ சொன்னீங்க. எங்கம்மா உடனே, 'மாப்ளைக்கு எவ்ளோ பெரிய மனசு, இவன இன்னும் காப்பாத்தறாரு பாரு'ன்னுச்சு. நீங்க கண்ண மூடிக்கினு படுத்துட்டீங்க."

"நீ சொல்லியிருக்கலாமே."

உள்ளே சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் வந்தது. "நான் சொன்னா எவன் நம்புவான் மாமா? வெரல் போனது உங்களுது."

அவன் மறுபடி தேய்க்க ஆரம்பித்தான். குமரன் அங்கேயே நின்றான். இத்தனை வருடமாக இவன் குற்ற உணர்ச்சியில் வருகிறான் என்று நினைத்திருந்தான். அப்படி நினைத்து உள்ளுக்குள் கொஞ்சம் இரக்கம்கூடப் பட்டிருந்தான். இவன் வந்ததோ, வராவிட்டால் என்ன பேசுவார்கள் என்பதற்காக. கோபத்தை அடக்கிக்கொண்டு வந்திருக்கிறான். அதைக் காட்டாமல் சிலிண்டரைத் தூக்கியிருக்கிறான்.

மாமியார் கமலாட்சி அன்று மதியம் சாப்பிட வந்திருந்தாள். இலை போடும் முன் குமரன் மூவரையும் கூடத்தில் உட்காரச் சொன்னான். தனசேகரன் உட்காரவில்லை, கதவருகே நின்றான். குமரன் நேராக விஷயத்துக்கு வந்தான்.

"அன்னிக்கு தனா மேல தப்பே இல்ல. ஆக்ஸிலேட்டர குடுன்னு நான்தான் சொன்னேன்."

"உடுப்பா" என்றாள் கமலாட்சி. "உனுக்குப் பெரிய மனசுன்னு எங்களுக்குத் தெரியாதா? இத்தினி வருசம் கழிச்சு இன்னாத்துக்கு அதெல்லாம்?"

"பெரிய மனசு இல்ல அத்தை. நடந்தத சொல்றேன். கைய எடுங்க மாமான்னு அவன் சொன்னான். எடுக்கல நான். எனக்குத் தெரியும், நீ குடுறான்னு அதட்டினேன். அதுக்கு அப்புறம்தான் அவன் குடுத்தான்."

மஹாலட்சுமி கதவுப் பக்கம் திரும்பினாள்.

"நீ கைய எடுங்கன்னு சொன்னியாடா?"

"சொன்னேன்."

அவள் தம்பியை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். குமரன் அழுகையை எதிர்பார்த்தான். அவள் குரல் தாழ்ந்துதான் வந்தது.

"இத்த வயித்துல வச்சிக்கினே இத்தினி நாளும் சோறு துன்னீங்களா?"

"நான் அன்னிக்கே சொன்னேன் மஹா, நீங்கதான்..."

"சொன்னீங்க. நாங்க நம்பல. நம்பலன்னா திருப்பி சொல்ல மாட்டீங்களா? நான் அவன இன்னான்னா வேல வாங்கினேன். கண்ணால பாத்துக்கினு உக்காந்திருந்தீங்களே. உங்களுக்கு சௌகரியமா இருந்துது."

சௌகரியமாகத்தான் இருந்தது. தவறு செய்த முட்டாளாக இருப்பதைவிட, மன்னித்த பெரிய மனிதனாக இருப்பது சுலபம். யாரையும் அப்படி நினைக்கச் சொல்லி அவன் கேட்கவில்லை. அவர்களாக நினைத்ததை அவன் கலைக்கவில்லை, அவ்வளவே.

"நான் கெளம்பறேன்கா" என்றான் தனசேகரன். யாரும் தடுக்கும் முன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். கமலாட்சி இலையின் முன் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "புள்ளய அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்லயே அறைஞ்சேன்" என்று ஒரு முறை சொன்னாள்.

சாயங்காலம் குழாயில் தண்ணீர் வரவில்லை. தொட்டி பாதி கழுவியபடி, காலியாகக் கிடந்தது. குமரன் உள்ளே இறங்கினான். வழுக்கியது. பிரஷ்ஷை எட்டு விரலால் பிடித்துத் தேய்ப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை, மூச்சுதான் வாங்கியது. முடித்துவிட்டு ஏற முயன்றபோது முழங்கை சிராய்த்தது. மஹாலட்சுமி கீழே இருந்தாள். ஓடி வரவில்லை.

அடுத்த ஞாயிறு தனசேகரன் வரவில்லை. அதற்கு அடுத்ததும் இல்லை. சிலிண்டர் தீர்ந்தபோது குமரன் மாற்றினான். தேங்காயும் உடைத்தான், முதல் தேங்காய் மூன்று துண்டாகப் போனது. மஹாலட்சுமி பொறுக்கி எடுத்துக்கொண்டாள். தேவைக்கு மட்டும் பேசினாள். ஒரு நாள் தாய் வீட்டுக்குப் போய்விட்டு இருட்டும் நேரத்தில் திரும்பினாள்.

"இன்னா சொன்னான்?" என்று கேட்டான் குமரன்.

"ஒண்ணும் சொல்லல. கிரிக்கெட் பாத்துக்கினு இருந்தான். நானும் பக்கத்துல உக்காந்து பாத்தேன்."

"நீ ஒண்ணும் சொல்லலியா?"

"சொல்லணும்னுதான் போனேன். எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. மேட்ச் முடிஞ்சுது, வந்துட்டேன்." தலையிலிருந்து பூவை எடுத்து ஜன்னலில் வைத்தாள். பிறகு, "வண்டி எதுவானாலும் வாங்குங்க. தொடைக்கிறது நீங்கதான். அவன் வரமாட்டான். நானும் கூப்பிடமாட்டேன்" என்றாள்.

அதற்குப் பிறகு குமரன் வண்டியைப் பற்றி யோசித்தபோது அது வெறும் வண்டியாகத்தான் இருந்தது. பெல்ட் வாங்கினால் ஊர் என்ன கேட்கும் என்ற எண்ணமே எழவில்லை. கேட்டால், நான் முட்டாள்தனமாகக் கையை விட்டேன் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அந்த வாரம் பஸ்ஸில் தென்னேரிக்குப் போனவன் வேலை முடிந்ததும் ஏரிக்கரையில் நடந்து பார்த்தான். பாதையை அகலப்படுத்துவதற்காகப் புதிதாக ஜல்லி கொட்டியிருந்தார்கள். ஒரு கல்லைக் குனிந்து எடுத்தான். பெல்ட்டின் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் சரியாக உட்காருகிற அளவு. ஊருக்குள் மட்டும் ஓட்டுவதாக இருந்தால் பெல்ட்தான் வாங்கியிருப்பான். செயின் என்று தீர்மானித்தான்.

வண்டியைக் கொடுக்கும்போது அஜித், செயினை எப்படிப் பராமரிப்பது என்று காட்டினான். சாவியை எடுத்துவிட வேண்டும். ஸ்டாண்ட் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே துடைக்க வேண்டும். மோட்டார் ஓடவே கூடாது. பாதியில் அவன் கண் குமரனின் விரல்களில் பட்டது. பேச்சு தடுமாறியது.

"சொல்லுப்பா" என்றான் குமரன். "இப்டித்தான் போச்சு. வண்டிய ஓடவுட்டு தொடச்சேன். ஒருத்தன் வேணாம்னு சொன்னான், கேக்கல."

மஹாலட்சுமி பக்கத்தில்தான் நின்றிருந்தாள். குங்குமம் வைக்கிற சாக்கில் வண்டிப் பக்கம் குனிந்துகொண்டாள். வீட்டுக்குப் போகும்போது பின்னால் உட்கார்ந்தவள் அவன் தோளைப் பிடித்தாள். வேகத்தடைக்காகப் பிடித்திருக்கலாம்.

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு புதன்கிழமை சாயங்காலம் தனசேகரன் வந்தான். கம்பெனி பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து நேராக வந்திருந்தான். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"காப்பி இருக்குதாக்கா?" என்றான்.

மஹாலட்சுமி காப்பி போட்டுக்கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டு எதிரிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "தனா, நான் உன்ன..." என்று ஆரம்பித்தாள்.

"சக்கர கம்மியா இருக்குது" என்றான் அவன்.

அவள் எழுந்து போய்ச் சர்க்கரை டப்பாவையே கொண்டுவந்து வைத்தாள். அவன் ஒரு கரண்டி போட்டுக் கலக்கி நிதானமாகக் குடித்தான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "மாமா, சாவி குடுங்க. ஒரு ரவுண்டு போய்ட்டு வரேன்" என்றான்.

குமரன் கொடுத்தான். வண்டி தெருமுனை திரும்புகிற வரை செயின் சத்தம் கேட்டது. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு ரவுண்டுக்கு ஆகிற நேரத்தைவிட அதிகமாக ஆயிற்று. வாலாஜாபாத் வரைக்கும்கூடப் போயிருக்கலாம். திரும்பி வந்து வண்டியை வாசலில் நிறுத்தினான். சாவியை குமரனின் கையில் வைத்தான்.

"பெல்ட்டே வாங்கியிருக்கலாம் மாமா" என்றான். "சத்தம் ரொம்ப ஜாஸ்தியா இருக்குது. உங்களுக்கு யார் சொன்னாலும் ஏறாது."

"ஏறாதுதான்" என்றான் குமரன்.